சபராளி எப்போது ஊர்வாசி ஆகிறார்?

சபராளி, அதாவது வேலைக்காக அயல்நாடு போய் இறங்கும் ஒரு முஸ்லிம், அன்றைய நண்பகல் தொழுகையான லுஹரை நான்கு ரக்அத்தாக (தொழுகைச் சுற்றாக) முழுமையாகத் தொழ வேண்டுமா, இரண்டாகச் சுருக்கித் தொழலாமா? கேட்பதற்குச் சின்னச் சட்ட நுணுக்கம் போலிருக்கும். ஆனால் இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், ஒருவர் எந்தக் கட்டத்தில் பயணி என்ற நிலையை விட்டு ஓரிடத்தில் குடியிருப்பவர் ஆகிறார் என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். அது வெறும் தொழுகைக் கணக்கு அல்ல. புலம்பெயரும் எவரையும் தொடும் கேள்வி. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இதை அலசி வந்திருக்கிறார்கள்.

பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் அனுமதி குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 101ஆம் வசனத்தில் இருக்கிறது. எதிரிகள் பற்றிய அச்சத்தையும் அந்த வசனம் சேர்த்தே பேசுகிறது. அச்சம் நீங்கிய பிறகும் சலுகை எப்படி நீடிக்கும் என்ற ஐயம் நபித்தோழர் உமருக்கே எழுந்தது. அது இறைவன் வழங்கிய கொடை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் நபிகள் நாயகம் பதில் சொன்னார்கள் என ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்கின்றன. நண்பகல் லுஹர், பிற்பகல் அஸர், இரவு இஷா ஆகிய மூன்றும் சுருங்கும். அதிகாலை சுபுஹும் அந்தி மஃரிபும் மாறுவதில்லை. ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்குக் குறையாத பயணத்துக்கே இது பொருந்தும். சுருக்கித் தொழுவது கடமை என்பது ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் அது விருப்பத்துக்கு விடப்பட்ட சலுகை.

போய்ச் சேர்ந்த ஊரில் எத்தனை நாள் தங்கினால் பயணம் முடிந்ததாகக் கொள்வது என்பதில்தான் மத்ஹபுகள் பிரிகின்றன. வந்த நாளையும் கிளம்பும் நாளையும் விட்டுவிட்டு நான்கு முழு நாட்கள் தங்குவதாக உறுதிகொண்டவர், ஊருக்குள் நுழைந்ததுமே பயணி அல்ல என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் அழகானது. மக்காவை விட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்த முஹாஜிர்கள், ஹஜ் கிரியைகளை முடித்தபின் மக்காவில் மூன்று நாள் மட்டுமே தங்கலாம் என நபிகள் நாயகம் வரம்பு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் இருந்தால், துறந்து போன ஊரில் மறுபடி குடியேறியதாகிவிடும். ஆகவே மூன்று நாள் என்பது தங்கிச் செல்வது. நான்காவது நாள் வாழத் தொடங்குவது. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் கணக்கும் இதையொட்டியதே. ஹனஃபிகள் பதினைந்து நாள் என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு நடைமுறையில் உள்ள ஒன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. உள்நாட்டில், குறிப்பாக ராவுத்தர்களிடையே, ஹனஃபிகள் மிகுதி. வளைகுடாவுக்குப் போகும் வழியில் மும்பையில் பத்து நாள் தங்குவதென்று முடிவாகிவிட்டால், ஒரே அறையில் படுத்திருக்கும் இருவரில் கடலோரத்துக்காரர் நான்கு ரக்அத் தொழ வேண்டும், மற்றவர் இரண்டு தொழ வேண்டும். இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு ரியாத்தில் இறங்கியதும் இருவர் நிலையும் ஒன்றாகிவிடுகிறது. முதல் நாளிலிருந்தே இருவரும் அங்கே குடியிருப்பவர்கள்.

இங்கே தீர்மானிப்பது கழிந்த நாட்கள் அல்ல, நிய்யத்து எனும் மன உறுதி. பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கலாம், இகாமா எனும் குடியிருப்பு அனுமதி அட்டை கைக்கு வந்திருக்காது, தெருப்பெயர்கூடத் தெரியாது. இருந்தாலும் தங்குவதென்று மனம் முடிவுசெய்திருந்தால் அவர் ஊர்வாசி. ஆனால் அந்த முடிவு அவர் கையில் இருக்க வேண்டும் அல்லவா? இதையும் ஹனஃபி நூல்கள் விட்டுவிடவில்லை. தளபதியின் கீழுள்ள படைவீரர், கணவரோடு பயணிக்கும் மனைவி, முதலாளியோடு போகும் கூலியாள் ஆகியோருக்குத் தலைமை வகிப்பவரின் நிய்யத்தே கணக்கு. பிறர் முடிவுக்குக் கட்டுப்பட்டுப் பயணிப்பவருடைய எண்ணத்துக்குத் தனி வலு இல்லை என்பதைச் சட்டம் மறைக்காமல் சொல்கிறது. தங்கும் இடமும் காலமும் முதலாளியின் கையெழுத்தில் தொங்கும் இன்றைய தொழிலாளர்களைப் பற்றி யோசிக்கும் எவரும் கவனிக்க வேண்டிய பகுதி இது.

முடிவே எடுக்க முடியாமல் காத்திருப்பவர் நிலை வேறு. விசா நாளை வரும், மறுநாள் வரும் என்று நாட்கள் ஓடுகின்றன. வந்த மறுகணம் கிளம்பிவிடுவார். இவர் தங்குவதாக நிய்யத்து வைக்கவே இல்லை. இப்படிக் காத்திருப்பவர் எத்தனை காலமானாலும் பயணியே என்கிறது ஹனஃபி மத்ஹப். அஸர்பைஜானில் பனி வழியை மறித்ததால் ஆறு மாதம் சிக்கியிருந்த உமரின் மகன் இப்னு உமர், அந்தக் காலம் முழுதும் சுருக்கியே தொழுதார் என்ற செய்தி இதற்குத் துணை. ஷாஃபிஈகள் பதினெட்டு நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் அங்கே தங்கியிருந்த காலத்தைப் பற்றிய அறிவிப்புகளில் ஒன்றிலிருந்து பெற்ற எண் அது.

நாள் கணக்கையே ஏற்காதவர்களும் உண்டு. பயணம், தங்கல் இரண்டையும் மக்கள் வழக்கே தீர்மானிக்கும் என்றார் 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா. அந்த வழியில் நின்ற சவூதி அறிஞர் இப்னு உஸைமீன், படிப்பு முடிந்ததும் திரும்பும் எண்ணத்தோடு வெளிநாட்டில் இருக்கும் மாணவர், ஆண்டுகள் சில ஆனாலும் பயணியே என்று தீர்ப்புச் சொன்னார். அவர் காலத்தவரான இப்னு பாஸ் நான்கு நாள் வரம்பையே வலியுறுத்தினார். திரும்பும் ஏக்கத்துக்கு முதல் கருத்து மதிப்பளிக்கிறது என்பது உண்மை. ஆயினும் பெரும்பான்மையோர் கருத்தே வாழ்க்கைக்கு நெருக்கமானது. வாடகை கொடுத்து, சமைத்து, அக்கம்பக்கத்தாரோடு பழகி இரண்டு ஆண்டு இருக்கப்போகிறவரின் அலைச்சல் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் பயணியின் சலுகையை வைத்துக்கொண்டால், அந்த ஊர் அவர்மீது வைக்கும் கடமைகளும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு ஊருக்கு, அடுத்த ஆண்டு ஊருக்கு என்று இருபது ஆண்டுகளைக் கழித்த சபராளிகள் ஏராளம். அந்த இருபது ஆண்டும் பயணம் அல்ல, வாழ்க்கைதான்.

அப்படியானால் பிறந்த ஊர் என்ன ஆகிறது? ஹனஃபி அறிஞர்கள் ஊரை அடுக்குகளாகப் பிரித்தார்கள். 1191இல் மறைந்த காஸானியின் நூல் இதை விரிவாகப் பேசுகிறது. பிறந்த இடம், குடும்பம் அமைந்த இடம், இனி இதுவே என்று நிலைகொண்ட இடம் ஆகியவை மூல வத்தன் (வத்தன் என்றால் ஊர்). பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்குவதென்று முடிவுசெய்த இடம் தங்கும் வத்தன். தங்கும் வத்தன் எளிதில் கலைந்துவிடும். வேறோர் இடத்தில் தங்கினாலே போதும், அங்கிருந்து பயணம் புறப்பட்டாலும் போதும். மூல வத்தனை இவை எதுவும் அழிப்பதில்லை. வளைகுடாவில் பதினைந்து ஆண்டு வேலைசெய்தவர் ஒரே ஒரு நாள் விடுப்பில் சொந்த ஊர் வந்தாலும் முழுத் தொழுகைதான். ஓரிடத்தின் கடமைகளை முழுமையாக ஏற்பதற்கு இன்னோர் ஊரை மனதிலிருந்து அகற்ற வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். இரண்டு ஊரில் குடும்பம் உள்ளவருக்கு மூல வத்தனும் இரண்டு.

மூல வத்தனை அழிக்கக்கூடியது இன்னொரு மூல வத்தன் மட்டுமே. குடும்பத்தோடு வேறிடம் பெயர்ந்து, இனி இங்கேதான் என நிலைகொண்டவருக்குப் பழைய ஊர் ஊர் அல்ல. இதற்கான சான்று நபிகளின் வாழ்விலேயே இருக்கிறது. மக்காவில் பிறந்து ஐம்பது வயது கடந்தும் அங்கே வாழ்ந்த அவர்கள், மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்குப் பின் வெற்றியாளராக அங்கே நுழைந்தபோதும் இறுதி ஹஜ்ஜின்போதும் பயணியாகச் சுருக்கியே தொழுதார்கள். கலீஃபா உமரும் மக்காவில் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு, உள்ளூர்க்காரர்களை மீதியைத் தொழுது முடிக்கச் சொன்னார். தாங்கள் பயணிகள் என்றார். கஅபா கண்முன் நிற்கும் நகரில், தம்மை ஈன்ற மண்ணில், விருந்தாளி முறையில் தொழுத அந்தத் தலைமுறையின் இழப்பு எளிதானதல்ல.

வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவில் ஷாஃபிஈ மத்ஹப் இன்னொரு நுட்பத்தைச் சேர்க்கிறது. ஜும்ஆ நிறைவேற நாற்பது ஆண்கள் வேண்டும். அவர்கள் கோடையிலும் குளிரிலும் தேவையின்றி ஊரை விட்டுப் போகாத நிலைகுடிகளாக இருக்க வேண்டும் என்று 1277இல் மறைந்த இமாம் நவவி வரையறுக்கிறார். ஒருநாள் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வேலைக்கோ படிப்புக்கோ வந்தவருக்கு ஜும்ஆ கடமை. ஆனால் நாற்பதில் அவரை எண்ணக் கூடாது. சலுகை போய்விட்டது, எண்ணிக்கையிலும் இடமில்லை. புதிதாகக் குடியேறுபவரின் இடைநிலையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன விதி அரிது. முஸ்லிம்கள் அருகி வாழும் நாடுகளில், மாணவர்களும் தொழிலாளர்களும் மட்டுமே கூடும் ஜும்ஆக்களில் இது உண்மையான சிக்கல். பிற்கால அறிஞர்கள் பலர் குறைந்த எண்ணிக்கையை ஏற்கும் கருத்துகளைப் பின்பற்ற இடம் தந்தார்கள். பேணுதலுக்காக லுஹரையும் சேர்த்துத் தொழும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஹனஃபிகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. இமாமைத் தவிர மூவர் போதும். பயணியேகூட இமாமாக நிற்கலாம்.

நோன்பையும் பெருநாளையும் தீர்மானிக்கும் பிறை விஷயத்தில் ஷாஃபிஈ மத்ஹப் வந்தவரை வந்த ஊரோடு முழுதாகச் சேர்த்துவிடுகிறது. சவூதியில் நோன்பைத் தொடங்கி ரமலான் இறுதியில் தமிழ்நாடு வந்தவர், தமக்கு முப்பது நிறைந்துவிட்டாலும் ஊரார் நோன்பிருந்தால் கூடவே நோன்பிருக்க வேண்டும். எதிர்த்திசையில் போனவர் அங்கே பெருநாள் என்றால் பெருநாள் கொண்டாட வேண்டும். இருபத்தெட்டு நோன்பே ஆகியிருந்தால் பிறகு ஒன்றை நோற்க வேண்டும்.

செல்வத்தைப் பொறுத்தவரை, ஜகாத் எனும் கட்டாயக் கொடை, பொருள் இருக்கும் இடத்து ஏழைகளுக்கே உரியது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. தோழர் முஆதை யமனுக்கு அனுப்பியபோது, அவர்களுடைய செல்வர்களிடம் பெற்று அவர்களுடைய ஏழைகளுக்கே கொடுக்கச் சொன்ன நபிமொழியை அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். உறவினருக்கும், தேவை மிகுந்தவருக்கும் வெளியூர் அனுப்பலாம் என்கிறார்கள் ஹனஃபிகள். சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பும் சபராளிகளுக்கு இரண்டாவது கருத்து இயல்பாகவே நெருக்கமானது. எனினும் தாம் உழைத்துப் பொருளீட்டும் நகரிலும் ஏழைகள் இருக்கிறார்கள் என்பதை முதல் கருத்து விடாமல் நினைவூட்டுகிறது. பெருநாள் தானமான ஃபித்ராவில் ஷாஃபிஈ விதி ஆளுக்கு ஆள் பிரிகிறது. ரியாத்தில் வேலைசெய்யும் காயல்பட்டினத்துக்காரர், தம்முடைய பங்கான சுமார் இரண்டரைக் கிலோ அரிசியை அங்கேயே கொடுக்க வேண்டும். மனைவி மக்களுக்காகவும் அவரே கொடுக்க வேண்டும். ஆனால் அது அவர்கள் இருக்கும் காயல்பட்டினத்து ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.