பக்கத்து பெஞ்சும் முன்முடிவும்

ஒருவரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவரைப் பற்றி மனத்தில் எழுந்து நிற்கும் தீர்ப்புக்கு முன்முடிவு என்று பெயர். அது வெளிப்படையான வெறுப்பாக வருவது குறைவு. விசாரிப்பாகவும் அக்கறையாகவும் வருவதே அதிகம். தமிழ்நாட்டில் புதிதாக அறிமுகமாகும் இருவர் பேசத் தொடங்கினால், 'எந்த ஊரு?' என்பதோடு பேச்சு நிற்பதில்லை. ஊரில் எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, குலசாமி எது என்று கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். சாதியின் பெயரை ஒரு தடவைகூட யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள். வேண்டிய பதில் கிடைத்ததும் கேட்டவர் 'நம்மாளுதானா!' என்று தோளில் கைபோடுவார். இல்லையென்றால் பேச்சை மழை, வெயில் பக்கம் திருப்பிவிடுவார்.

பிள்ளைகள் இதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்த வீட்டு வாசலோடு திரும்பிவிட வேண்டும் என்று யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. அம்மாவின் முகம் சுருங்குவதும் தாத்தா சட்டென்று குரலைத் தாழ்த்துவதும் போதும். பள்ளிக்கூடத்துக்கு வரும்போதே பிள்ளை இந்தப் பாடத்தைப் பாதி முடித்திருக்கிறது. மீதியை வகுப்பறை முடித்துவைக்கிறது. எல்லாரும் இருக்கையில் அமர்ந்திருக்க, 'ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க மட்டும் எந்திரிங்க' என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது, எழுந்து நிற்கும் பிள்ளைகள் யார் என்பதை மற்ற பிள்ளைகள் அன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே இது நடக்கலாம். கெட்ட எண்ணமே இல்லாமல் இவ்வளவு தீங்கு செய்ய முடிகிறது என்பதுதான் முன்முடிவைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது.

தென் மாவட்டங்களில் இது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையே எடுத்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரப் பள்ளிகளில் மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் அவர்களுடைய சாதியைச் சொன்னது. யாரோடு கபடி ஆடலாம், யாரோடு மதிய உணவு சாப்பிடலாம் என்பதை அந்தக் கயிறு தீர்மானித்தது. இத்தகைய அடையாளங்களைத் தடுக்கும்படி 2019-இல் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கே எதிர்ப்பு எழுந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரை, அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். பள்ளியில் தனக்கு நேர்ந்த தொல்லையைப் பற்றிப் புகார் சொன்னதுதான் அவர் செய்தது. வெட்டியவர்களும் அதே வயதுப் பிள்ளைகள் என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது. பதினேழு வயதுக்குள் இவ்வளவு கசப்பை ஊட்டியது யார் என்ற கேள்வியை அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்டுவிட்டு விலக முடியாது.

இத்தனைக்கும் தீண்டாமை பாவம், குற்றம் என்னும் கருத்து தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முதல் பக்கங்களிலேயே பல தலைமுறைகளாக அச்சாகி வருகிறது. அதைத் தினமும் புரட்டிய கைகளில்தான் கயிறும் இருந்தது. அறிவுரைக்கு உள்ள எல்லை இது.

அறிவுரை போதாது என்று கண்டவர்கள் பரிவை நம்பினார்கள். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தால் முன்முடிவு கரையும் என்பது அவர்கள் எண்ணம். இதை வகுப்பறையிலேயே செய்து பார்த்தவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ரைஸ்வில் என்ற சிற்றூரில் மூன்றாம் வகுப்பு எடுத்த ஜேன் எலியட். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். மறுநாள் எலியட் தன் வகுப்பைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒருநாள் ஒரு நிறக் கண் பிள்ளைகள் உயர்ந்தவர்கள். மற்ற நிறக் கண் பிள்ளைகள் தாழ்ந்தவர்கள். அடுத்த முறை அது தலைகீழானது. சில மணி நேரத்துக்குள் 'உயர்ந்த' பிள்ளைகள் அதிகாரம் செய்யத் தொடங்கினார்கள். 'தாழ்ந்த' பிள்ளைகள் தெரிந்த கணக்கையே தப்பாகப் போட்டார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளை இப்படி நோகவிட்டது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனாலும் பாகுபாட்டைக் கட்டி எழுப்ப ஒரு காலைப்பொழுதும் பெரியவர் ஒருவரின் சொல்லும் போதும் என்பதை அந்த வகுப்பு காட்டிவிட்டது.

பரிவுக்கும் குறைகள் உண்டு. உளவியலாளர் பால் புளூம் 2016-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதைக் கடுமையாகவே சொன்னார்: பரிவு நமக்கு நெருக்கமானவர்கள் மேலும் நம்மைப் போன்றவர்கள் மேலும் எளிதில் பாய்கிறது, தொலைவில் இருப்பவர்களும் முகம் தெரியாதவர்களும் அதன் வெளிச்சத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். சாதிச் சண்டையில் தன் சாதிப் பையன் அடிபட்டான் என்று கேட்டுக் கொதிப்பவரிடமும் இருப்பது பரிவுதான். அதுவே பழிவாங்கும் அரிவாளையும் எடுக்க வைக்கிறது. இன்னொரு குறை, பரிவு சுலபமாக இரக்கமாகச் சரிந்துவிடுவது. 'ஐயோ பாவம்' என்பவர், யாரைப் பார்த்துச் சொல்கிறாரோ அவரைவிட ஒரு படி மேலே நின்றுதான் அதைச் சொல்ல முடியும். பழைய சட்டையை மனமுவந்து கொடுக்கும் வீட்டிலேயே, அதை வாங்கிக்கொள்கிறவருக்கு வேறு தம்ளரில் தண்ணீர் தரும் வழக்கமும் இருந்திருக்கிறது. அந்த வீட்டாருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதியதே இல்லை.

முன்முடிவு அசைவதற்கு வேறு வழி என்ன? 1954-இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் முன்முடிவின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில் ஒரு விடை இருக்கிறது. பிரிந்து கிடக்கும் இரு பிரிவினர் நேரில் பழகினால் முன்முடிவு குறையும். ஆனால் வெறுமனே பழகினால் போதாது. இருவரும் அந்த இடத்தில் சம நிலையில் இருக்க வேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். போட்டியிடாமல் ஒத்துழைக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்கள் அந்தப் பழக்கத்துக்குத் துணை நிற்க வேண்டும். பின்னாளில் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழக்கம் பொதுவாக முன்முடிவைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் இருந்தால் கூடுதலாகக் குறைக்கிறது என்றும் தெரிந்தது.

இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழக வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. சேரன்மாதேவியில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் சாதாரணப் பள்ளி அல்ல. தேசத் தொண்டர்களை உருவாக்க எழுந்த கனவு. காங்கிரசும் பல சாதியினரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஒன்றாகத் தங்கினார்கள், ஒன்றாகப் படித்தார்கள். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியே சாப்பாடு போடப்பட்டது. பெற்றோரின் விருப்பம் அது, அதற்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். 1924-25-இல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி செய்தார்கள். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார். அவருடைய தேசபக்தியையும் தமிழ்த் தொண்டையும் யாரும் சந்தேகிக்க முடியாது. அதனால்தான் இந்த நிகழ்ச்சி இன்றும் படிக்கத்தக்கதாக இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் பந்தி மட்டும் பிரிந்தபோது, உடன் வாழ்ந்ததே பிள்ளைகளுக்கு உயர்வு தாழ்வைக் கற்றுக்கொடுத்தது. இலைகளை ஒரே வரிசையில் போட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

'பெற்றோர் விருப்பம்' என்ற அதே காரணம் அதன் பிறகும் சாகவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தகராறு செய்தபோது, அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மாறுதல் ரத்தாகி, தகராறு செய்தவர்கள் மேல் வழக்குப் பதிவானது. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2023-இல் விரிவானபோதும் இதே சிக்கல் தலைகாட்டியது. தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைத்தவரின் சாதியைக் காரணம் காட்டிச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. இந்தத் தடவை சமைத்தவரை யாரும் மாற்றவில்லை. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் நேரில் வந்து, அவர் சமைத்ததைப் பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டார்கள். அதிகாரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் பேச்சைவிட இதில்தான் தெளிவாகப் படிக்கிறார்கள்.

தில்லியில் நடந்த ஓர் ஆய்வும் இங்கே பொருந்துகிறது. அங்கே வசதியான தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகு, பணக்காரப் பிள்ளைகளிடம் என்ன மாற்றம் என்று கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். முடிவுகள் 2019-இல் வெளியாயின. அவர் வைத்த சோதனைகளில் ஒன்று தொடர் ஓட்டம். வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளை, மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளை இருவரில் ஒருவரை அணிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெயித்தால் பணம். பரிசு சிறியதாக இருந்தபோது, தோற்றாலும் பரவாயில்லை என்று தங்களைப் போன்றவரையே எடுத்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். பரிசு கூடக்கூட அந்த எண்ணிக்கை குறைந்தது. வகுப்பில் ஏழைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவர்களிடம் இந்தப் பாகுபாடு மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது, தாராளமும் கூடியிருந்தது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்கள் பெயரின் அகரவரிசையில் பிரிக்கப்பட்டிருந்தன. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது யாருடைய விருப்பத்தையும் சாராமல் அமைந்ததால், இந்த மாற்றம் பழக்கத்தால் வந்தது என்று சொல்ல முடிந்தது.

நாங்குநேரிக்குப் பின் தமிழ்நாடு அரசு அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அதை எழுதினார். கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களைத் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயரை எடுப்பது, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் வெளியே சொல்லாமல் இருப்பது ஆகியவற்றோடு, மாணவர்களை அகரவரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. நெற்றிக்குறியைப் பற்றிய பரிந்துரைதான் மேடைகளில் சூடாகப் பேசப்பட்டது. உட்காரும் வரிசையைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பரிந்துரைக்குத்தான் அறிக்கையில் மிக ஆழமான வேர் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. பக்கத்து பெஞ்சில் யார் என்பதை ஊர் தீர்மானிக்காமல் எழுத்து வரிசை தீர்மானித்தால், வருடம் முழுக்க ஒரே ஜியாமெட்ரி பாக்ஸைப் பகிர்ந்துகொள்ள வேண்டி வரும்.

பழக்கத்தை மந்திரமாக நம்பிவிடவும் கூடாது. உத்தரப் பிரதேச கிராமங்களில் மேட் லோ என்ற ஆய்வாளர் பல சாதி இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு பெருகியது. எதிரணியில் வேறு சாதியினரைச் சந்தித்தது அதற்கு நேர்மாறான பலனையே தந்தது. இராக்கில் சல்மா மூசா நடத்திய ஆய்வில், ஒரே கால்பந்து அணியில் முஸ்லிம்களோடு ஆடிய கிறிஸ்தவ இளைஞர்கள் அவர்களோடு தொடர்ந்து பயிற்சி செய்ய முன்வந்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அவர்களுடைய நடத்தை அவ்வளவாக மாறவில்லை. 'நீ மட்டும் வேற மாதிரிடா' என்று நண்பனைத் தன் பிரிவிலிருந்து பிரித்தெடுத்துப் பாராட்டும் பழக்கம் இங்கேயும் உண்டு. கேட்பவனுக்கு அது பாராட்டே அல்ல.

இதில் இன்னொரு அநீதியும் ஒளிந்திருக்கிறது. ஒருவரின் முன்முடிவு திருந்துவதற்காக, அதனால் காயப்பட்டவர் பாடக்கருவி ஆகக் கூடாது. ஏழைப் பிள்ளையும் பட்டியல் சாதிப் பிள்ளையும் வகுப்பில் இருப்பது அவர்களின் உரிமை. பக்கத்தில் இருப்பவர் நல்லவராக மாறுகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல அது. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது, எல்லார் மனமும் மாறும்வரை காத்திருக்கவில்லை.

முன்முடிவு உள்ளவரே அதை ஒப்புக்கொண்டு கற்க முன்வருவது அரிதாகத்தான் நடக்கிறது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்படி ஒன்று நடந்தது. ஒருவரை ஒருவர் நேசித்த இரண்டு பெண்கள், பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னை வந்து பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்பைப் பற்றித் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று உத்தரவில் வெளிப்படையாக எழுதினார். தீர்ப்பு மூளையிலிருந்து மட்டும் வராமல் உள்ளத்திலிருந்தும் வர வேண்டும் என்று கருதி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நீதிபதியின் நாற்காலியில் இருப்பவர் மாணவராக உட்கார்ந்ததற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை, வீட்டில் ஒரு வாதத்தில்கூட 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாத எல்லாரும் உணர்வார்கள். அவர் பெற்றோரையும் உதறிவிடவில்லை. அவர்களுக்கும் ஆலோசனை கிடைக்க வழி செய்தார்.

ஜூன் 7 அன்று வந்த உத்தரவு ஒரு நீதிபதியின் மனமாற்றத்தோடு நிற்கவில்லை. வயது வந்தவர்கள் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால் காணாமல் போனதாக வந்த புகாரைக் காவல்துறை முடித்துவிட வேண்டும் என்றது. 'சிகிச்சை' என்ற பெயரில் ஒருவரின் ஈர்ப்பை மாற்ற முயல்வதைத் தடுத்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில், தன்பால் ஈர்ப்பினர் உள்ளிட்ட பாலினச் சிறுபான்மையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. பள்ளிகளுக்கும் அந்த உத்தரவில் வேலை இருந்தது: பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டங்களின் மூலம் பெற்றோருக்கு அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிய புரிதலை உண்டாக்க வேண்டும் என்றது. சேரன்மாதேவியிலும் திருப்பூரிலும் உசிலம்பட்டியிலும் பேச்சு வந்து நின்றது பெற்றோரிடம்தான். அவர்களுக்காக ஒரு வகுப்பு நடத்த வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.