"இதுவரை" என்பது சான்றாகுமா?

"இதுவரை ஒன்றும் நேரவில்லை; ஆகவே இனியும் நேராது." இந்தச் சொல்லைக் கேளாத செவி நம் நாட்டில் இல்லை. பழக்கத்திற்குப் பரிந்து பேசுவோர் இதைத்தான் கூறுவர். பாதுகாப்பு விதியைப் புறக்கணிப்போரும் இதையே கூறுவர். இதன் பொய்ம்மையைத் தோலுரித்துக் காட்டும் கலை ஒன்று நம் பள்ளிகளிலேயே இருக்கிறது. கணக்கில் மெய்ப்பித்தல் என்பதே அது. "நிறுவுக" என்று வினாத்தாள் கேட்கிறதே, அந்த ஒற்றைச் சொல்லின் ஆற்றலை நாம் உணர்ந்தோமா?

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ல் பிறந்தவர் எண்ணியல் அறிஞர் எஸ்.எஸ். பிள்ளை. 1940-ல் அவர் ஆராய்ந்த கேள்வி பள்ளி மாணவனுக்கும் விளங்கும். அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம்: 8, 9, 10, 11, 12. இவற்றுள் 11-க்கும் மற்ற எந்த எண்ணுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. எத்தனை எண்களை அடுக்கினாலும் இப்படித் தனித்து நிற்கும் எண் ஒன்று இருந்தே தீருமா?

16 எண்கள் வரை இருந்தே தீரும் என்று மெய்ப்பித்தார் பிள்ளை. எண்களோ முடிவற்றவை, அனைத்தையும் எவர் சோதிக்க இயலும்? இங்கேதான் அறிவு துணை நிற்கிறது. இரண்டு எண்களின் பொதுக் காரணி, அவற்றின் வித்தியாசத்தையும் மீதியின்றி வகுக்கும். 16 எண்களுக்குள் வித்தியாசம் 15-ஐத் தாண்டாது. எனவே 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு பகா எண்களை ஆராய்ந்தால் போதும். முடிவற்ற கூட்டம் ஆறு எண்களின் முன் அடங்கிவிடுகிறது!

17 எண்களானால்? 1 முதல் 17 வரை, 2 முதல் 18 வரை என்று சோதித்துக்கொண்டே செல்லுங்கள். 2183 முறை "ஆம்" என்றே விடை வரும். 2184 முதல் 2200 வரையுள்ள எண்களை அடைந்ததும் விதி உடைகிறது. அங்கே தனித்து நிற்பது ஒன்றுகூட இல்லை. 2183 சாட்சிகளை ஒரே சாட்சி வீழ்த்திவிட்டது!

இது எண்களோடு முடியும் பாடமா? சிவகாசியைப் பாருங்கள். பட்டாசு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதி இருக்கிறது. "நேற்றும் கூடுதலாய் வைத்தோம், என்ன ஆயிற்று?" என்னும் குரலும் எழுகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. வெடிக்காத நாட்கள் எத்தனை இருந்தாலும், அவை வெடிக்கும் நாளைத் தடுப்பதில்லை. அதே சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகள் இராகு காலத்தையும் எமகண்டத்தையும் சுமந்து வருகின்றன. "பாட்டன் காலந்தொட்டுப் பலித்தது" என்பர். பலிக்காத நாட்களை எண்ணியவர் யார்?

"வாழ்க்கை கணக்கன்று, எல்லாவற்றையும் மெய்ப்பித்துவிட்டா செய்கிறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முற்றான முடிவு வாழ்வில் அரிதாகவே கிட்டும். ஆயினும் சோதித்தது எவ்வளவு, சோதிக்காதது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் நேர்மை எவருக்கும் இயலும். உயிர் பணயமாகும் இடத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பு "ஆபத்தில்லை" என்பவனுடையது. அஞ்சி நிற்கும் தொழிலாளியுடையதன்று.

விருதுநகர் மாவட்டம் மேல்நிலைத் தேர்வின் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. பெருமைதான். ஆனால் தேற்றத்தை மனப்பாடம் செய்து, முக்கோணத்தின் எழுத்துகள் மாறியதும் திகைக்கும் பிள்ளை எதைக் கற்றது? மெய்ப்பித்தலையே மந்திரமாக்கி ஓதினால், அதுவும் ஒரு பூசையே!

தோழர்களே! மாணவன் "ஏன்?" என்று கேட்டால் பேராசிரியரும் விடையிறுத்தே ஆகவேண்டிய அவை கணக்கு. அங்கே குலமில்லை, வயதில்லை, பட்டமில்லை. நம் படிப்பகங்களில் மாலைதோறும் ஒரு கணக்கை நடுவே வைப்போம். விடையோடு காரணத்தையும் கேட்போம். "இதுவரை" என்று எவர் தொடங்கினாலும் "அதனால்?" என்று கேட்கும் நெஞ்சுரம் அங்கே பிறக்கட்டும்!