அப்பறம் பாத்துக்கலாம்

எங்கள் பக்கத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க." பிள்ளைகள் ஏற்காடு போகலாம் என்று கேட்டால் இதுதான் பதில். பழைய சினேகிதன் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் இதுதான். முதலில் வண்டி டியூ முடியணும், அடுத்து பெரியவள் கல்யாணம், அதற்கடுத்து மாடியில் ஓர் அறை எடுக்கணும். சிரித்துப் பேசுவது, நாலு இடம் போய்வருவது, வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவது எல்லாம் அந்த வரிசையில் கடைசி.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில், காவிரிக் கரையை விட்டு உள்ளே வந்துவிட்டால் பல இடங்களில் வானம் பார்த்த பூமிதான். மழையை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று தெரிந்துகொண்ட ஜனங்கள் கை வைக்காத தொழில் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போய் போர் போட்டுக்கொண்டிருக்கும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், கோழிப் பண்ணை வைத்து முட்டையை லோடு லோடாக ஏற்றுகிறார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி இரவு பகலாக ஓடுகிறது. உட்கார்ந்து தின்பவனுக்கு இங்கே மரியாதை கிடையாது. வேலை நாளில் ஒருவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தால், "ஏனுங்க, உடம்புக்கு முடியலீங்களா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் வீட்டுச் சந்தோஷத்துக்கு வேண்டியதையெல்லாம் செய்து அனுப்புகிற ஊர்களும் இவைதான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பட்டறையில் உருவான வெள்ளிக் கொலுசு, முகம் தெரியாத ஏதோ ஒரு குழந்தையின் காலில் கிடந்து சிணுங்கும். இங்கத்து மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகி, வட நாட்டு வீடுகளில் விரத நாள் கிச்சடியாகும். அதை விற்றுக்கொடுக்க 1981 முதல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சினிமாவையும் விட்டுவைக்கவில்லை. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். ஆலை தொடங்குவார் என்று பார்த்தால், 1935-இல் சேலத்தில் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' தொடங்கினார். கண்டிப்புக்குப் பேர்போனவர் அவர். ஸ்டுடியோவை ஆலை மாதிரியே நடத்தினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அந்த மதில்களுக்குள்ளிருந்துதான் வந்தது. ஊர் உலகம் கொண்டாடுவதற்கு நாம் ஓவர்டைம் பார்த்தோம். நம் பங்கைத்தான் அப்பறம் பாத்துக்கலாம் என்று வைத்துவிட்டோம்.

நூல் கடையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். தள்ளிவைப்பது பற்றிக் கொஞ்சம் தெரியும். பணத்தைத் தள்ளிவைத்தால் வட்டி சேரும். சந்தோஷப்படுவதைத் தள்ளிவைத்தால் சேருவது எதுவும் இல்லை. பழக்கம் விட்டுப்போவதுதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் லாரி பாடி பட்டறை வைத்திருந்தார். பட்டறையை மகன் கையில் கொடுத்து ஓய்வுக்கு வந்தபோது பணத்துக்கும் குறைவில்லை, நேரத்துக்கும் குறைவில்லை. மகன் ஆசையாக ஊட்டிக்குக் கூட்டிப்போனான். தாவரவியல் பூங்காவில் எல்லோரும் பூவைப் பார்த்தபோது இவர் ஒரு பெரிய மரத்தடியில் அண்ணாந்து நின்றாராம். "என்னப்பா பாக்கறீங்க?" என்று மகன் கேட்டதற்கு, "இது எத்தன கன அடி தேறும்னு பாக்கறேன்" என்றாராம். இரண்டாம் நாளே ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார்.

மகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பாவம், மனுசனுக்கு ரசிக்கத் தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு யோசித்தால், அந்தப் பூங்காவில் மரத்தை அவ்வளவு ஆழ்ந்து பார்த்தவர் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்று தோன்றியது. வாழ்நாள் முழுக்க மரத்தைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கியவர். தச்சர்களோடும் பெயிண்டர்களோடும் வாயடித்துக்கொண்டு மத்தியானச் சோறு தின்றவர். அவருக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. அது பட்டறைக்குள்ளேயே இருந்தது. அதை வேலை என்ற தலைப்பில் எழுதிவிட்டு, சந்தோஷம் என்ற பக்கத்தைக் கடைசிவரை காலியாக வைத்திருந்தார். கணக்குப் பிள்ளையாகச் சொன்னால், இது பதிவுப் பிழை.

வேலை நேரத்தில் வருகிற சிரிப்பைத்தான் நாம் அதிகமாகக் கணக்கில் எழுதாமல் விடுகிறோம். தறிப் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. ஆனாலும் அங்கே பேச்சு ஓய்வதில்லை. உதட்டசைவு, புருவம், கை, இவற்றாலேயே குடும்பக் கதை வரைக்கும் போகும். மீசையை முறுக்குவதுபோல் விரலைச் சுழற்றினால் ஓனர் வருகிறார் என்று அர்த்தம். தார்க்குச்சி மாற்றிக்கொண்டே ஒரு அக்கா கையால் ஒரு கேலி வீச, நாலு தறி தள்ளி நிற்கிறவர் இழை முடிந்துகொண்டே குலுங்குவார். வெளியாள் கண்ணுக்கு ஒன்றுமே நடந்திருக்காது.

ஒருநாள் நூல் கணக்கு விஷயமாக நான் ஒரு பட்டறையில் நின்றிருந்தேன். கரண்டு போய்விட்டது. அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றன. அப்போதுதான் ஒருவர் பக்கத்து ஆளின் காதில் கத்திக்கொண்டிருந்தார். "நம்ம ஓனருகிட்ட டீ வாங்கறதும் ஒண்ணு, பாறையில கெணறு வெட்டறதும் ஒண்ணு" என்ற வாக்கியம் தெரு வரைக்கும் கேட்டது. ஓனர் வாசலில் நிற்கிறார். யாரும் மூச்சு விடவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். "சரி, தண்ணி வந்துருச்சுன்னு வெச்சுக்கங்க" என்று பையனிடம் காசைக் கொடுத்து டீ வாங்கிவரச் சொன்னார்.

அதற்காக அடுத்த வாரம் கூலி ஏறிவிடவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்பணம் வாங்கி அதிலேயே சிக்கிக்கொண்ட தறிக்காரர்கள் இந்த ஊர்களில் ஏராளம். சிரித்தால் கடன் குறையாது. "எங்க ஆளுங்க சந்தோசமாத்தான் இருக்காங்க" என்று சிரிப்பைக் காட்டிக் கூலியை மறைக்கிற முதலாளிப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். கேலியிலும் எல்லாம் நல்ல கேலி இல்லை. எங்கள் பக்கத்து நக்கல் சில சமயம் ஒருவனின் நிறத்தையும் உடம்பையும் சாதியையும் தேடிப் போய்க் குத்தும். குத்துப்பட்டவனும் சேர்ந்து சிரிப்பான், வேறு வழி இருக்காது. அந்தப் பட்டறையில் நடந்தது இதற்கு நேர் எதிர். கேலி கீழிருந்து மேலே போனது. மேலே இருந்தவர் அதை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு டீ நேரத்துக்கு அங்கே எல்லோரும் மனுசர்களாக நின்றார்கள். கூலியை அது உயர்த்தாது. ஆனால் நாளைக்குக் கூலி கேட்கப் போகிறவனின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

வசூலுக்காகச் சேலம் போகிற நாட்களில் சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடாமல் பஸ் ஏறுவதில்லை. தள்ளுவண்டிக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதே பாதி ருசி. தட்டுவடைகளைத் தட்டில் பரப்புவார். பச்சைச் சட்னி ஒரு தீற்று, காரச் சட்னி ஒரு தீற்று. துருவிய கேரட்டும் பீட்ரூட்டும், பொடிசாக அரிந்த வெங்காயமும் ஒரு கிள்ளு. மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து லேசாக ஓர் அழுத்து. "முழுசா வாயில போடுங்கண்ணா, கடிச்சா சட்னி சட்டைக்குத்தான் போவும்" என்பார். போட்டால் முதலில் மொறுமொறுப்பு, அடுத்து உறைப்பு, கடைசியில் காய்கறியின் ஈரம். எல்லாம் அந்த ஒரு வாய்க்குள். கொஞ்சம் ஆறப்போட்டால் சட்னி ஊறி நமத்துவிடும். பார்சல் கேட்டால் தனித்தனியாகக் கட்டித் தருவார்தான். வீட்டில் போய்ப் பிரித்துச் சேர்த்தால் அது வேறு ஏதோ பலகாரம். நின்ற இடத்தில், அந்த நேரத்தில் தின்றால்தான் உண்டு. அதை எதிர்காலத்துக்கு எடுத்துவைக்க வழியே இல்லை.

வெளியே போய்ச் சாப்பிடுவதை எங்கள் பெற்றோர் தலைமுறை தண்டச் செலவாகத்தான் பார்த்தது. பிரயாணம் என்றால், ஆஸ்பத்திரி என்றால் ஓட்டல். மற்றபடி வீட்டுச் சோறு இருக்க எதற்குக் காசைக் கரைப்பது? பள்ளிபாளையத்தில் அம்மாவை ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனபோது அவர் விலைப் பலகையைத்தான் முதலில் பார்த்தார். "இந்தக் காசுக்கு வீட்டுல ரெண்டு கிலோ கறி எடுத்துருக்கலாமே கண்ணு" என்றார். பள்ளிபாளையம் சிக்கன் வந்தது. ஊர்ப் பேரையே தாங்கிய அந்தக் கறியில் மசாலாப் பொடி எதுவும் பெரிதாக இருக்காது. சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். அவ்வளவுதான். அம்மா ஒரு தேங்காய்ப் பல்லை மென்று பார்த்து, "இதெ எண்ணெயில எப்பப் போட்டாங்கன்னு தெரியலயே" என்று ஆராய்ச்சியில் இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். பரிமாறுகிற பையன் வந்து, "அம்மா, இன்னொரு தோசை போடட்டுங்களா?" என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பதில் வரவில்லை. யோசித்தால் எனக்கே சுருக்கென்றது. எல்லோருக்கும் போட்டு முடித்து, சட்டியில் மீந்ததோடு கடைசியில் உட்காருகிறவரிடம் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யார் கேட்டிருக்கிறார்கள்? ஓட்டல் பில்லில் தோசைக்கும் கறிக்கும் விலை போட்டிருந்தது. அந்தக் கேள்வியைச் சேர்த்திருந்தால் பில் பெரிசாக வந்திருக்கும். இப்போது அம்மா, "அந்தப் பையன் இருப்பானா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். அதிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் பரிமாற, கூசாமல் உட்கார்ந்து சாப்பிட அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொள்வது என்றதும் வயர் கூடை ஞாபகம் வருகிறது. பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, பரணில் கிடந்த கூடைகளைத் துடைத்து எடுத்தவர்களில் நாங்களும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலங்களில் கூடை போடுவார். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கும் சொல்லித்தரும்படி கேட்டேன். "ஆம்பளைங்களும் போடறதுதான், உக்காருங்க தம்பி" என்று சாதா முடிச்சில் ஆரம்பித்தார்.

வெட்டிய வயரை மடித்து, அதற்குள் ரன்னிங் வயரை வளைத்து நுழைத்து, நாலு முனையையும் ஒரே சீராக இழுத்தால் குட்டிச் சதுரமாக முடிச்சு உட்காரும். தளர்ந்தால் பல் இளிக்கும். நெரித்தால் அடித்தட்டு கோணிக்கொள்ளும். "இழுங்க தம்பி, நெரிச்சுப்புடாதீங்க. முடிச்சும் கொஞ்சம் மூச்சு உடணும்" என்பார் அக்கா. முதல் சில வரிசைகளில் மனசெல்லாம் கடைக் கணக்கில் இருக்கும். பிறகு எப்போதோ விரல் தானாகப் போக ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் போன் அடித்தால் எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் எனக்கு அடையாளம். சந்தோஷம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் கண்டுகொள்கிறேன்.

கூடையைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவுக்குக் குடுக்கலாம்?" அக்கா விற்கிறார், அவருக்கு அது வருமானம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் விற்பதில்லை. வயர் விலை, நேரம் எல்லாம் போட்டால் கடைப் பையைவிட என் கூடை நஷ்டம். எங்கள் ஊரில் எதற்கும் விலை சொல்லத் தெரியும். கோழிக்குஞ்சிலிருந்து ரிக் வண்டி வரைக்கும் கண்ணால் பார்த்தே மதிப்புப் போடுவோம். அந்தத் திறமைதான் நமக்குச் சோறு போடுகிறது. அதனாலேயே, விலை கேட்டால் சிரித்துக்கொண்டு நகர்கிற மாதிரி ஏதாவது ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

உழைப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. சொன்னாலும் இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். கல்யாணமும் நடக்கட்டும், மாடி அறையும் எழும்பட்டும். ஆனால் எல்லாக் கடமையும் முடிந்த மறுநாள் காலையில் சந்தோஷம் தானாக வந்து கதவைத் தட்டும் என்று மட்டும் நம்ப வேண்டாம். முடிச்சுப் போட விரல் பழக வேண்டும், பரிமாறச் சொல்லி உட்கார உடம்பு பழக வேண்டும், தன்னைப் பற்றிய கேலியைத் தாங்க மனசு பழக வேண்டும். அறுபது வயதுக்குமேல் சிரித்துக்கொண்டு இருக்கலாம் என்று திட்டம் வைத்திருப்பவர், அதற்கு முன்னால் பட்டறையிலோ ஆபீஸிலோ நாலு பேரைச் சிரிக்கவைத்துப் பழகியிருந்தால்தான் அந்தத் திட்டம் தேறும்.