தானாக வருவது

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தை எண்ணிவிட்டு, அறிவின் வாசல்கள் இவ்வளவுதான் என்று நாம் கணக்கை முடித்துவிடுகிறோம். இவை தவிர இன்னொன்றும் உண்டு. அதற்கு நம் பேச்சு வழக்கில் ஒரு பெயர்கூட இல்லை. வீட்டில் வாய் திறவாமல் உழைப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை அல்லவா? அதைப் போலத்தான்.

கண்களை மூடிக்கொண்டு, சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் வழி தவறாமல் வந்து சேரும். கண் காணாத கைக்கு வழி காட்டியது யார்?

தசைகளுக்குள்ளே மெல்லிய இழைகளாலான உணர்கருவிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு விரைவாக நீண்டது என்று அவை ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களில் இருப்பவை, இழுப்பின் வலிமையைச் சொல்கின்றன. காதின் உட்புறத்தில் வளைந்த குழல்கள் மூன்று உண்டு. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர் சற்றே பின்தங்குகிறது; அதைக் கொண்டே தலை எப்பக்கம் திரும்பியது என்பதை மூளை அறிகிறது. இத்தனை பேர் ஊழியம் செய்வதால் நாம் நிற்கிறோம். ஆங்கில விஞ்ஞானி சார்லஸ் ஷெரிங்டன் 1906-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், 'தனக்குரியது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை வைத்து இந்த உணர்வுக்குப் பெயர் சூட்டினார். பொருத்தமான பெயர்தான். 'இது என் கை' என்று நாம் சொல்லும் உரிமையே அதனால் வந்தது.

அந்த உரிமையை ஒரே நோயில் இழந்தவர் இயன் வாட்டர்மன் என்ற ஆங்கிலேயர். 1971-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 19. இறைச்சிக் கடையில் வேலை பார்த்து வந்தார். காய்ச்சல் போல ஒன்று வந்தது. அதன் விளைவாக, தொடுவதையும் அங்கங்களின் நிலையையும் மூளைக்குச் சொல்லும் நரம்புகள் கழுத்துக்குக் கீழே பழுதுபட்டுப் போயின. தசைகளை இயக்கும் நரம்புகளுக்கு ஒரு குறையும் இல்லை. வலி தெரிந்தது, சூடும் குளிரும் தெரிந்தன. ஆனால் படுக்கையில் கிடந்தவருக்குத் தம் கால் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. கை அசைந்தது, அவர் நினைத்த இடத்துக்குத்தான் போகவில்லை.

இனி இவர் எழுந்து நடப்பதற்கில்லை என்றே எண்ணத் தோன்றும். அவர் நடந்தார். இழந்த உணர்வு மீளவில்லை. அதன் வேலையைக் கண்ணுக்குக் கொடுத்தார். கையைப் பார்த்தே கையை நகர்த்தினார். காலைப் பார்த்தே அடி எடுத்து வைத்தார். பல மாதங்கள் பாடுபட்டு உட்காரவும், நிற்கவும், நடக்கவும் கற்றார். பிறகு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலையும் பார்த்தார். அவருடைய கதையை ஜோனதன் கோல் என்ற மருத்துவர் எழுதி, 1991-இல் நூலாக வெளியிட்டார். விளக்கு அணைந்தால் வாட்டர்மன் விழுந்துவிடுவார். ஆண்டுகள் செல்லச் செல்லச் சுமை சற்றுக் குறைந்தது உண்மைதான். எதையும் நினைக்காமல் நடக்கும் நாள் மட்டும் அவருக்கு வரவே இல்லை.

இப்போது ஒரு கேள்வி. வீதியில் நீங்களும் வாட்டர்மனும் நடக்கிறீர்கள். இருவரில் யார் நன்றாக நடக்கிறவர்? நடையின் அழகைப் பார்த்தால் நீங்கள்தான். நடப்பதை ஒரு செயல் என்று கொண்டால், அதைச் செய்தவர் அவர் ஒருவரே. உங்களுக்கு அது நிகழ்ந்தது, அவ்வளவுதான். தசையின் இழுப்பை நரம்பின் செய்தியாக மாற்றுவது ஒரு வகைப் புரதம். அதைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. பிறவியிலேயே அந்தப் புரதம் பழுதானவர்கள், கண்ணைக் கட்டினால் தள்ளாடுகிறார்கள். நமக்கு அது வாய்த்ததில் நம் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

ஒழுக்கத்திலும் இதே கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சிலருக்குக் கோபமே வராது, பிறவிக் குணம். 'நான் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை' என்று அவர்கள் சொல்லும்போது, குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும். பக்கத்து வீட்டுக்காரரோ முன்கோபி. நாக்கின் நுனிவரை வந்த சொல்லை ஒரு நாளில் பத்து முறை விழுங்குகிறார். பதினோராவது முறை தவறிவிடுகிறார். ஊர் அந்தப் பதினோராவதை மட்டுமே கேட்கிறது.

"அப்படியானால் இயல்பான நற்குணத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாயின் அன்பு தானாகச் சுரக்க வேண்டுமென்றுதான் குழந்தை ஏங்கும். கடமையை எண்ணி அணைக்கும் கையை அது எப்படியோ கண்டுகொள்ளும். கூட வாழ்வதற்கு இயல்பானவர்களே இதமானவர்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் இதம் வேறு, பெருமை வேறு. நல்ல நிலத்தில் விளைந்த நெல்லை உண்டு மகிழலாம், பாறையை உடைத்து விதைத்தவனைப் பார்த்து, "உன் விளைச்சல் ஏன் குறைவு?" என்று நகைக்கலாமா?

"பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று எளிதாக ஆறுதல் சொல்கிறோம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. குடியை விட்டு இருபது ஆண்டுகள் ஆனவர்களில், இன்றும் அந்தக் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர் உண்டு. அவருடைய நேர்மை இன்னும் இயல்பாகவில்லை. ஒவ்வோர் அடியையும் பார்த்தே வைக்கிறார். அவரிடம் போய், "இத்தனை காலம் ஆயிற்றே, இன்று ஒரு நாள்தானே" என்று கையைப் பிடித்து இழுக்கும் நண்பர், தம்மை அறியாமலே என்ன செய்கிறார் தெரியுமா? வாட்டர்மன் நடந்துகொண்டிருக்கும் அறையில் விளக்கை அணைக்கிறார்.

யார் இயல்பாக நடக்கிறார், யார் காலைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார் என்பது வெளியிலிருந்து தெரியாது. தெரியாதவரை, யார் அறையிலும் விளக்கில் கை வைக்காமல் இருப்பது நல்லது.