தரவரிசையை வேண்டலாமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் கோயிலுக்குச் சென்று வேண்டிக்கொள்வது தமிழ்நாடெங்கும் காணப்படும் வழக்கமே என்றாலும், அந்த வேண்டுதலுக்குள் எளிதில் விடை சொல்ல முடியாத ஓர் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது. ஊரார் கூடி மழை கேட்கும்போது, ஒருவர் வயலில் பெய்வது அடுத்தவர் வயலைக் காயவிடுவதில்லை. நோய் தீரவேண்டும் என்று கேட்பவர் அந்த நோயை இன்னொருவருக்குக் கேட்பதில்லை. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்விலோ, சுமார் ஆயிரம் இடங்களுக்குப் பத்து லட்சம் பேர் அளவில் விண்ணப்பிப்பதால், தமக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்பவர், தாம் நினையாமலேயே, அந்த இடம் மற்றொருவருக்குக் கிடைக்காமற்போக வேண்டும் என்றும் கேட்டவராகிறார். எல்லா உயிர்க்கும் பொதுவான ஒருவரிடம் இப்படிக் கேட்பது தகுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

சேர்வராயன் மலையில் இந்தக் கேள்வி கூர்மை பெறுகிறது. ஏற்காட்டையும் தலைச்சோலை போன்ற சிற்றூர்களையும் கொண்ட இம்மலையில் தொன்றுதொட்டு வாழ்கிறவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று, தமிழே பேசும் மலைவாழ் மக்களைக் குறிப்பது. தலைச்சோலையில் அண்ணாமலையார் கோயில் கொண்டிருக்க, மலையுச்சிக் குகையில் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கிறார்கள். மலையின் பெயரும் ஆற்றின் பெயருமே அங்குத் தெய்வங்களின் பெயர்கள். மலையும் ஆறும் ஒருவருக்குக் கிடைத்ததால் மற்றவருக்குக் குறைந்துபோகும் பொருள்கள் அல்ல. மே மாதத் திருவிழாவில் ஊர் ஊராக மக்கள் திரண்டு வணங்குவது அத்தகைய பொதுநலத்தின் தெய்வத்தையே. அதே சந்நிதியில் பட்டதாரி ஒருவர் தேர்வுக்காக வேண்டி நிற்கும்போது, பங்கிட முடியாத ஒன்று முதன்முதலாகக் கேட்கப்படுகிறது.

பதவி இம்மலைக்குப் புதிதன்று. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவரே இங்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுகிறார். ஆனால் அவர் காலத்து அதிகாரிகள் எவரும் திறந்த போட்டியில் வென்று வந்தவர்கள் அல்லர், கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் நியமனத்தால் வந்தவர்கள். வேண்டியவரின் மகன், நண்பரின் மருமகன் என்று இடங்கள் வழங்கப்பட்ட அம்முறை 1853ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்து, 1855இல் இலண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. இந்தியாவிலும் எழுதலாம் என்ற நிலை 1922இல்தான் வந்தது. ஆகவே போட்டித் தேர்வு என்பது வெறும் நிர்வாக ஏற்பாடன்று. எவருடைய தயவும் வேண்டாம், விடைத்தாளே பேசட்டும் என்னும் ஓர் அறக்கொள்கை அதற்குள் இருக்கிறது. இதை நோக்கினால் தரவரிசைக்கான வேண்டுதலின் குறை விளங்கும். இறைவனைப் பழைய கம்பெனி இயக்குநர் இடத்தில் அமர்த்தி, ஒழிக்கப்பட்ட பரிந்துரையை மீண்டும் கேட்பதாக அது ஆகிவிடுகிறது.

அப்படியானால் தொடங்குகிறவர் எதையும் கேட்கக்கூடாதா? திருக்குறள் இதற்கு வழிகாட்டக்கூடும். முன்வினைப் பயன் தவறாது வந்து சேரும் என்னும் ஊழைப் பற்றிய அதிகாரம் அறத்துப்பாலின் இறுதியில் நிற்க, சலியாத முயற்சியைக் குறிக்கும் ஆள்வினையுடைமை பொருட்பாலில் அரசியலைச் சார்ந்து நிற்கிறது. ஊழே வலியது என்று முன்னதில் கூறிய வள்ளுவர், முயற்சி ஊழையும் பின்னடையச் செய்யும் என்று பின்னதில் கூறுவதை முரண் என்பர் சிலர். முயற்சிக்கு அவர் உறுதியளிப்பது உழைத்த அளவுக்கான கூலியையே என்பதைக் கவனித்தால் அந்த முரண் பெரிதும் தளர்கிறது. உழைப்பின் கூலி கல்வி. தரவரிசை அதன்மேல் வந்தால் வரலாம். இரண்டு ஆண்டு அரசியலமைப்பையும் வரலாற்றையும் கற்றவருக்கு அந்த அறிவு வந்தே தீரும், அது எவரிடமிருந்தும் பறிக்கப்பட்டதுமன்று. விடியற்காலையில் எழும் உறுதி, சோர்வை வெல்லும் மனம் ஆகியவையும் அவ்வாறே. அவற்றைப் பத்து லட்சம் பேரும் ஒருசேரக் கேட்கலாம், கேட்ட அனைவருக்கும் குறைவின்றிக் கிடைக்கலாம்.

சைவ சித்தாந்தம் இன்னும் உயர்ந்த ஒன்றைச் சொல்கிறது. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்பக் கொள்ளும் நிலையை அது இருவினையொப்பு என்று அழைக்கிறது. அது பக்குவப்பட்ட உயிர் அடையும் நிலை. காப்பித் தோட்டக் கூலியில் படிக்கவைத்த பெற்றோரின் எதிர்பார்ப்பைச் சுமக்கும் இருபத்திரண்டு வயதினரிடம் அதைத் தொடக்கத்திலேயே கேட்பது கருணையற்ற செயல். அவர் முடிவை நினைத்து அஞ்சுவதில் குற்றமில்லை.

ஊழ் என்று பெயரிடப்படுவதில் மனிதர் செய்த பங்கு எவ்வளவு என்பதையும் இங்கு ஆராய வேண்டும். முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழில் எழுதலாம்; ஆனால் அதற்கு முந்தைய முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. ஆரம்பப் பள்ளி முதல் தமிழில் படித்த மலைச் சிற்றூர் மாணவர், வினாவின் பொருள் பிடிபடுவதற்கே மற்றவர் செலவிடாத நிமிடங்களைச் செலவிட நேர்ந்தால், அது முன்வினையன்று, விதிமுறை. பழங்குடியினருக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத இடமளிக்கும் சலுகையும் விதிமுறையே. அதைத் தந்தது சட்டம், தெய்வமன்று. விதிமுறையால் வந்த இடரைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்வது பக்தியாகாது. அதை நீக்கும் வேண்டுகோள் குகைக்கோயிலுக்கன்று, தில்லியில் உள்ள ஆணையத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகவேண்டியது. அது நிறைவேறினால் மழையைப் போலவே, கேட்டவருக்கு மட்டுமின்றி, அவரோடு போட்டியிடும் தமிழ்வழி மாணவர் அனைவருக்கும் பயன்படும்.