சமநோக்கு

செட்டிநாட்டு மாளிகைகளைத் தாங்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் இரு இழப்புகளை நினைவூட்டுகின்றன. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழவே, கீழ்ப் பர்மாவின் உழவர் பலர் கடனுக்கு ஈடாகத் தம் நிலங்களை நகரத்தாரிடம் இழந்தனர். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது, நகரத்தார் பலர் உடைமைகளை விட்டுத் தாயகம் திரும்பினர்.

அம்மண்ணில் வேரூன்றிய பௌத்தம் துன்பவேளைக்குக் கற்பிக்கும் பயிற்சி உபேக்கை. அன்பு, இரக்கம், பிறர் மகிழ்வில் மகிழ்தல் ஆகிய மூன்றுக்கும் பின்னரே அது வைக்கப்பட்டுள்ளது. எல்லா உயிர்களையும் சமமாய்க் காண்பதே அதன் பணி. பாராமுகமோ அதன் அண்மைப் பகை என 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் விசுத்திமக்கத்தில் விளக்கினார்.

ஆகவே, அன்பர்களே, நம் இழப்பைக் கலங்காது தாங்குவது மட்டுமே சமநிலை ஆகாது. நாம் இழந்ததையும், நம்மால் பிறர் இழந்ததையும் ஒரே தராசில் நிறுக்கும் நெஞ்சுக்கே அப்பெயர் பொருந்தும்.