மூன்றாம் மனிதனின் பங்கு

சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து ரேணிகுண்டாவை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், திருப்பதி வருவதற்குச் சற்று முன்னால் வடமாலபேட்டைச் சுங்கச்சாவடி இருக்கிறது. கடப்பைப் பக்கத்துச் சிமெண்டை ஏற்றிக்கொண்டு தெற்கே வரும் லாரிகளும், சென்னையிலிருந்து சரக்கோடு வடக்கே போகும் லாரிகளும், ஏழுமலையானைத் தரிசிக்கச் செல்லும் பஸ்களும் கார்களும் அங்கே வரிசையில் நின்று ஊர்கின்றன. முழு லோடு ஏற்றிய வண்டியை அந்த வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவது, புதிதாக லாரி பழகும் இளைஞனுக்குப் பெரிய பரீட்சை. கிளட்ச்சை முழுதும் விடவும் துணிவில்லாமல், முழுதும் மிதிக்கவும் நேரமில்லாமல் பாதியிலேயே காலை வைத்திருந்தால், சற்று நேரத்தில் பிளேட் தீயும் நாற்றம் கேபினுக்குள் எழும். பின்னால் நிற்பவன் ஹாரனை அழுத்துவான். பக்கத்தில் அமர்ந்து பழக்கும் மூத்த டிரைவரோ தமிழில் பாதியும் தெலுங்கில் பாதியுமாக அவனையும், அவனைப் பெற்றவர்களையும், அவன் பிறந்த ஊரையும் சேர்த்து வைவார்.

அந்த வசவை அவன் எதுவரையில் பொறுக்கலாம், எவ்விடத்தில் பொறுக்கலாகாது என்பது ஒரு தர்ம விசாரணைக்கு உரிய கேள்வி. உலகம் இதற்கு இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருக்கிறது. அடியாத மாடு படியாது, ஆகையால் வாயைத் திறக்காமல் கற்றுக்கொள் என்பது ஒன்று. சுயமரியாதையை விற்றுத் தொழில் கற்க வேண்டாம், வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் போ என்பது மற்றொன்று. இவ்விரண்டு பதில்களும் கேபினுக்குள் அமர்ந்திருக்கும் இருவரை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. புரட்டாசி மாதத்தில் மஞ்சள் ஆடை உடுத்திக் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு, வெயிலுக்கு அஞ்சி இரவிலே அதே சாலையின் ஓரமாகத் திருப்பதிக்கு நடந்து போகிறவனும் இந்த விவகாரத்தில் ஒரு தரப்பினன் என்பதை இரண்டும் மறந்துவிடுகின்றன. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களில் 32,825 பேர் கால்நடையாகச் சென்றவர்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. கேபினுக்குள் நடக்கும் வாக்குவாதம் எதிலும் கலந்துகொள்ளாத அந்த மூன்றாம் மனிதனை முன்னிறுத்திப் பார்த்தால்தான் சீடனுடைய கடமையின் எல்லை துலங்கும்.

முதலில் பழக்குகிறவருக்கு உரிய நியாயத்தை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழகுநர் உரிமம் பெற்றவன் வண்டி ஓட்டும்போது அருகில் அமர்ந்திருக்கும் பயிற்றுநர், வேண்டிய கணத்தில் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் வண்டிகளில் அதற்காகவே பயிற்றுநர் பக்கத்திலும் கட்டுப்பாட்டுக் கருவிகள் அமைக்கப்பட வேண்டும். ஆனால் சரக்கு லாரியின் இடப்பக்கத்து ஆசனத்தில் பிரேக்கும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. இருபது வருஷங்களாகத் தன் காலின் கீழே வைத்துப் பழகிய ஒரு பெரும் யந்திரத்தை, தன் பிராணனையும் வண்டிக்காரரின் முதலையும் சேர்த்து, நேற்று வந்த ஒருவனுடைய காலடியில் ஒப்படைத்துவிட்டு, கையில் எந்த ஆயுதமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எஞ்சியிருப்பது குரல் ஒன்றுதான். அந்தக் குரல் உயர்வதில் ஆச்சரியமில்லை. அவருடைய கோபத்தில் பெரும்பகுதி பயம். அதைப் பயமென்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் அந்தத் தொழிலில் இல்லாததால் அது வசவாக வெளிப்படுகிறது. இதை உணர்ந்த சீடனுக்குப் பொறுமை எளிதாகும். ‘கண்ணாடியைப் பாருடா, பின்பக்கம் இன்னும் திரும்பலைடா’ என்று இரைவதும், ஏர் பிரஷர் ஏறுவதற்குள் வண்டியை எடுக்கப் பார்த்தவனுடைய கையைத் தட்டிவிடுவதும் வண்டியைப் பற்றிய, சாலையைப் பற்றிய கடுமைகள். அவற்றால் மனம் நொந்தாலும் அவை சொல்லும் பொருளை எடுத்துக்கொள்வதே விவேகம்.

சாதியைச் சொல்லி இழிப்பதும், தாயை இழுத்துப் பேசுவதும், தாபாவில் நாலு பேர் முன்னிலையில் நையாண்டி செய்வதும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றால் எவனும் கியர் மாற்றக் கற்றதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியனுக்கு இலக்கணம் வகுத்ததோடு நில்லாமல், ஆசிரியராகும் தகுதி யாருக்கு இல்லை என்பதையும் வகுத்தார். பொறாமை, பேராசை, வஞ்சகம் என்பவற்றோடு, கேட்பவன் அஞ்சும்படி பேசுவதையும் அக்குற்றங்களின் வரிசையிலே சேர்த்தார். அதே பாயிரம், குளிர்காய்கிறவன் நெருப்பிடம் இருப்பதைப் போல, மிக அகலாமலும் மிக நெருங்காமலும் ஆசிரியனிடம் இருக்கும்படி மாணாக்கனுக்குச் சொல்கிறது. குருபக்தி என்ற பெயரால் சகல அவமானங்களையும் விழுங்கச் சொல்பவர்கள் அந்தப் பாயிரத்தை முழுவதும் படிப்பது நல்லது. இத்தகைய இழிசொற்களைப் பொறுப்பதா, வேறு வண்டி தேடுவதா என்பது அவனவன் நிலைமையைப் பொறுத்தது. வீட்டிலே தங்கையின் கல்யாணக் கடன் இருக்கிறவன் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் அவனைக் கோழை என்று பழிக்க எவருக்கும் உரிமையில்லை. அவனுடைய மானம் அவனுடைய சொத்து. அதில் நஷ்டத்தை ஏற்கவும் அவனுக்கு அதிகாரமுண்டு.

ஆயினும் அச்சம் அவனோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் இதிலுள்ள பெரிய அபாயம். 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, டெனரீப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனியினூடே இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டார்கள். அனுமதி கிடைக்குமுன் விமானத்தை ஓடவிட்ட டச்சுக் கேப்டன் தம் நிறுவனத்தில் அவ்வகை விமானத்துக்குத் தலைமைப் பயிற்றுநர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானி அவராலேயே அண்மையில் பரீட்சிக்கப்பட்டுத் தகுதி பெற்றவர். முதல்முறை கேப்டன் அவசரப்பட்டபோது, அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். மறுமுறை அவர் அவ்வாறு தடுக்கவில்லை. எதிர்விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பின்னாலிருந்த பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அவரும் அடங்கிவிட்டார். அந்தக் கேப்டன் கொடுமைக்காரர் அல்லர். நிறுவனத்தின் விளம்பரங்களிலே இடம்பெறும் அளவுக்கு மதிப்புப் பெற்றவர். வசைமொழி ஒன்றுமில்லாமல், பதவியின் கனம் மட்டுமே இரண்டு வாய்களை அடைக்க வல்லதாயிற்று என்றால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அடுத்த டிரிப்பே கிடையாது என்ற பயத்தில் வாழும் கிளீனர்ப் பையனுடைய நாவு என்ன ஆகும்? தவற்றைச் சொன்னால் உதை கிடைக்கும் என்று அறிந்தவன் தவற்றை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். பிரேக் சற்று இழுக்கிறது, டயரில் வெடிப்புத் தெரிகிறது, எதிரே வருவது என்னவென்று தெரியவில்லை என்ற செய்திகளெல்லாம் அவன் தொண்டையிலே நின்றுவிடுகின்றன. ஆகாயப் போக்குவரத்து இந்தப் பாடத்தைக் கற்று, இளையவரைப் பேசவும் மூத்தவரைக் கேட்கவும் முறைப்படி பழக்கத் தொடங்கியது. நம் லாரிக் கேபினுக்குள் அந்தப் பாடம் இன்னும் வந்துசேரவில்லை.

மற்றொரு நிலைமை இதைவிடச் சிக்கலானது, வசவு இல்லாதது, அன்பின் வேஷத்தில் வருவது. சரக்கு லாரி ஓட்ட இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் கேட்பதற்கு முன்னாலேயே இலகு வாகன உரிமத்தை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் 1995-இல் தொடங்கிய ஓட்டுநர் பயிற்சி நிலையத்தைப் போன்றவை சில உண்டென்றாலும், பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடம் ஓடும் லாரிதான், வாத்தியார் அதன் டிரைவர்தான். தார்ப்பாய் கட்டி, டயர் தட்டிப் பார்த்து, டீ வாங்கி வந்து, வருஷக்கணக்காகக் காத்திருக்கும் கிளீனருக்கு அந்த வாத்தியாரின் அருள் எப்போது கிடைக்கிறது? நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று மோட்டார்த் தொழிலாளருக்கு 1961-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த வேலைநேரம் சாலையில் என்றுமே உயிர்பெறாத காரணத்தால், நள்ளிரவு தாண்டிய வேளையில், கண் இமைகள் தாமாக மூடிக்கொள்ளும்போது கிடைக்கிறது. ‘தம்பி, ரோடு காலியா இருக்கு, நீ பிடி, ரேணிகுண்டா வந்ததும் எழுப்பு’ என்று சொல்லி டிரைவர் பின்பலகையில் சாய்ந்துவிடுகிறார். நாளெல்லாம் ‘டேய்’ என்று அழைத்தவருடைய வாயிலிருந்து வரும் அந்தத் ‘தம்பி’ என்ற சொல் பையனுக்கு அமிர்தமாக இருக்கிறது.

அதை மறுப்பதைவிடக் கடினமான தர்மம் அந்த வயதில் வேறொன்று இருக்க முடியாது. உரிமம் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுப்பதும் குற்றம், அவன் ஓட்டுவதும் குற்றம். பழகுநர் உரிமம் இருந்தாலும், உறங்குகிற மனிதரால் வண்டியை நிறுத்த இயலாது என்பதால் அந்நேரம் அவர் பயிற்றுநரே அல்லர். இங்கே குருவுக்கும் சீடனுக்கும் பூரண சம்மதம் இருக்கிறது. இருவரும் மனமகிழ்ந்து செய்கிறார்கள். ஆனால் அவர்கள் பணயம் வைக்கும் பொருள் அவர்களுடையது அன்று. சாலையோரமாக நடக்கிறவனுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

பகலிலும் இதே நிலைமை வேறு உருவில் வரும். திருப்பதிக்கு மேற்கே பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் இறங்கும்போது, டீசல் மிச்சமாகட்டும் என்று, வண்டியை நியூட்ரலில் விடும்படி சில மூத்தவர்கள் சொல்வதுண்டு. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். பொறுமைக்கு இடமில்லாத இடம் இதுவே. அந்த நேரத்தில் சண்டையும் வேண்டியதில்லை, பிரசங்கமும் வேண்டியதில்லை. ‘அண்ணே, எனக்குப் பயமா இருக்குண்ணே, செகண்ட்லயே எறங்குறேன். கீழ போனப்புறம் என்ன வேணும்னாலும் திட்டிக்கோங்க’ என்று சொல்லிக் கியரை மாற்றாமல் இருந்தால் போதும். பயம் என்று ஒப்புக்கொள்வதில் கேவலம் எதுவுமில்லை. அந்த வார்த்தை மூத்தவரின் கர்வத்தைக் குத்தாமல் காரியத்தைச் சாதிக்கும் என்ற நடைமுறை லாபமும் உண்டு. இரவில் ஸ்டீயரிங்கைக் கொடுக்கும்போதும், ‘நீங்க ஒரு மணி நேரம் தூங்குங்கண்ணே, வண்டியை ஓரமா பெட்ரோல் பங்க்ல போட்டுட்டு நான் முழிச்சுக் காவல் இருக்கேன்’ என்று சொல்வதால் மரியாதை குறைவதில்லை.

வாத்தியார் சொன்னார், செய்தேன் என்பது பிற்பாடு சமாதானமாகுமா? 1971-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கார் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி விளக்குக் கம்பத்தில் மோதியதில், கற்றுக்கொடுத்தவருக்கே முழங்கால் சில்லு உடைந்தது. பழகுகிறவரிடமிருந்தும் தேர்ந்த ஓட்டுநருக்குரிய கவனத்தையே சட்டம் எதிர்பார்க்கிறது என்று டென்னிங் பிரபு உள்ளிட்ட அமர்வு தீர்ப்பளித்தது. கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் இந்தத் தீர்ப்பு, அடிபடுகிறவனுடைய பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப் புத்தூருக்குத் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் வருகிறவர்களிடம், தங்களை இடித்த வண்டியை ஓட்டியவன் பழகியவனா, பழகுகிறவனா என்ற பேதத்தைச் சொல்லி யாராலும் ஆறுதல் கூற முடியாது.

இவ்வளவையும் இருபது வயது இளைஞன் ஒருவனுடைய தோளிலே ஏற்றிவைத்துவிட்டு மற்றவர்கள் விலகிக்கொண்டால் அது பெரும் அநியாயம். மறுத்தவனுக்கு வேலை போகும். போனால் திரும்பப் பெற்றுத்தர எந்தச் சங்கமும் வராது. மூத்த டிரைவருடைய கோபத்துக்கும் தூக்கமின்மைக்கும் மூலகாரணம் பெரும்பாலும் அவருடைய சுபாவத்தில் இல்லை. லோடு இன்ன நேரத்துக்குள் இறங்க வேண்டும், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வந்தே தீரவேண்டும், குறைந்தால் பேட்டாவில் பிடித்தம் என்று வண்டிக்காரர் போடும் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கிலே பழகுகிறவனுக்கென்று ஒரு காசும் ஒரு நிமிஷமும் ஒதுக்கப்படுவதில்லை. பழக்குகிறவருக்கு அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவதுமில்லை. புதியவன் ஏறும் டிரிப்புக்கு ஒருநாள் அதிகமாக அனுமதிப்பதும், அந்த டிரிப்பின் டீசல் குறைவை டிரைவர் தலையில் கட்டாமலிருப்பதும், பழக்குகிறவருக்குத் தனியாகப் பேட்டா கொடுப்பதும், ‘அண்ணன் சொன்னதை நான் செய்யவில்லை’ என்று பையன் போனில் சொன்னால் காரணத்தைக் கேட்ட பிறகே பேசுவதும் லாரி முதலாளியின் சக்திக்கு உட்பட்ட காரியங்களே. சுமை ஏற்றுவதற்கு முன், புதியவனையும் மூத்தவரையும் ஒன்றாக எதிரே நிறுத்தி, தூக்கம் வந்தால் வண்டி நிற்கலாம், அதற்கு நான் பொறுப்பு என்று இருவர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியவர் அவர்தான்.